நூத்திப்பத்து அக்கா

எங்கள் மாடிவீட்டு அக்கா காலையில் எழுந்துவிட்டார் என்பது எனக்குக் காலடிச் சத்தத்தால் தெரியாது, காபி மணத்தாலும் தெரியாது. தலைக்கு மேலே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். அது அவருடைய டிரான்ஸ்பார்மர். அது முனக ஆரம்பித்தால் காபி மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். கொஞ்சம் நின்று மறுபடி முனகினால் ரொட்டி வாட்டுகிறார். இரண்டையும் சேர்த்து அது தாங்காது. அதனால் முதலில் காபி, அப்புறம் ரொட்டி. ரொட்டி தயாராவதற்குள் காபி ஆறிவிடும்.

"முதல்ல ரொட்டியை வாட்டிட்டு அப்புறம் காபி போட்டுக்கலாமேக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்ப ரொட்டி ஆறிப் போவுமே செல்வி" என்றார். இதையெல்லாம் யோசித்துப் பார்க்காமலா இருப்பேன் என்பது போலச் சிரித்தார். எங்கள் மாடியில் இருந்த முதல் மூன்று வருடமும் அவர் ஆறிய காபிதான் குடித்தார்.

அமெரிக்காவில் கரண்ட் நூற்றுப்பத்து வோல்ட். நமக்கு இருநூற்று முப்பது. அங்கே வாங்கிய சாமானை இங்கே நேராகச் சொருகினால் புகைந்துவிடும். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து நம் கரண்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் என் வீட்டுக்காரர். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அந்த அக்காவுக்கு ‘நூத்திப்பத்து’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. பால்காரர்கூட, "நூத்திப்பத்து அம்மாவுக்கு அரை லிட்டர் வெச்சுட்டேன்" என்பார். அக்காவுக்கு அது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. பேருக்கேற்ற மாதிரி எடை போடவில்லையே என்று மட்டும் சொல்வார். அவர் ஒல்லி.

நான் முதலில் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். அறுபதைத் தாண்டியவர், சர்ச்சுக்குப் போகிறவர், அமெரிக்காவிலிருந்து வந்தவர். வேறு என்னவென்று கூப்பிடுவது? அவர்தான் தடுத்தார். "அக்கான்னே கூப்புடு. அங்க சின்னப் பசங்ககூட பேர் சொல்லித்தான் கூப்புடும். அக்கான்னு காதுல விழுந்தே எத்தனையோ வருஷமாச்சு."

அக்காவின் சொந்த ஊர் ஓசூர்தான். கல்யாணமான புதிதில் புருஷனோடு போனவர். புருஷன் இங்கே ஒரு கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்த்தவர்; பயிற்சிக்கென்று அனுப்பினார்கள், அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டார். அக்கா அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்திருக்கிறார். ஒரே மகள். புருஷன் இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்தார். பிறகு மகளுக்குக் கல்யாணமும் நிலைக்கவில்லை, வேலையும் போயிற்று. சின்ன வீட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. "அம்மா, நீ ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இரு. நான் பெரிய வீடாப் பாத்ததும் கூப்புடறேன்" என்று மகள் சொன்னாளாம். இதை வீடு பார்க்க வந்த அன்றைக்கே, மாடிப்படியில் நின்றுகொண்டு எங்களிடம் சொன்னார். ஆறு மாதத்துக்குக் கொடுத்தால் போதும் என்றார்.

ஆறு மாதத்துக்கு வருகிறவர் இரண்டு பெட்டியோடு வருவார் என்று நினைத்தேன். ஒரு மினி லாரி வந்து நின்றது. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறங்கியது. காபி மெஷின், ரொட்டி வாட்டுகிற மெஷின், ரைஸ் குக்கர், குழம்பு வைக்கிற கரண்ட் சட்டி, மிக்ஸி, மாவு அடிக்கிற கை மெஷின், அயர்ன் பாக்ஸ், தையல் மெஷின், சுவரில் மாட்டும் கரண்ட் கடிகாரம், கரண்டில் சூடாகிற போர்வை. எல்லாவற்றுக்கும் தட்டையாக இரண்டு தகடு வைத்த பிளக். எங்கள் வீட்டு உருண்டைத் துளைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. தெருவே மாடிக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனது.

"ஏங்க்கா, இத்தனையும் என்னாத்துக்கு இழுத்துக்கினு வந்தீங்க? வித்துட்டு வந்திருக்கலாம்ல?"

"மக சின்ன வீட்டுல வெக்க எடம் இல்ல. விக்க மனசு வரல. திரும்பிப் போனா எல்லாத்தையும் மறுபடி வாங்கணுமே."

"இங்க ஒரு மிக்ஸி வாங்கிப் போடுங்க. அதை அப்படியே பெட்டியில வெச்சிருங்க."

"இங்கத்து மிக்ஸி அங்க ஓடாது. நான் போறப்ப அதை என்ன பண்றது?"

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அந்தக் கணக்கில் எங்கேயும் ஓட்டை இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

டிரான்ஸ்பார்மர் செய்ய அவரை ஜூஜுவாடியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனோம். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. கடைக்காரர் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களோடு தமிழில் பேசுவார், அவசரத்தில் கன்னடம் வந்துவிடும். எவ்வளவு லோடு, என்னென்ன சாமான் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அக்கா குறுக்கே புகுந்து, "ரொம்ப கெட்டியா எல்லாம் வேணாம்ப்பா. ஆறு மாசம் ஓடினாப் போதும்" என்றார்.

கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆகல்லம்மா. ஆறு மாசத்துக்குன்னு காயில் கட்ட எனக்கு வராது. நான் கட்டினா உங்க காலம் முழுக்க ஓடும்."

நல்ல வார்த்தைதான் சொன்னார். ஆனால் அக்காவுக்கு அது அப்படிப் படவில்லை. வீட்டுக்கு வந்ததும், "சாபம் குடுக்கற மாதிரி சொல்லிட்டானே செல்வி" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த டிரான்ஸ்பார்மரைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் ஒரு யோசனை செய்தார். கேஸ் சிலிண்டரை வைத்து உருட்டுகிற சக்கர ஸ்டாண்டு ஒன்று எங்களிடம் சும்மா கிடந்தது. அதன்மேல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அக்கா கேஸ் கனெக்‌ஷனும் வாங்கவில்லை. ஆறு மாதத்துக்கு எதற்கு என்பார். சமையலறையில் சமைக்கும்போது அது சமையலறையில் இருக்கும். துணி தேய்க்கும்போது கூடத்துக்கு வரும். இரவுக் குளிருக்குப் படுக்கையறைக்குப் போகும். கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவது போல வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். வாசற்படியில் சக்கரம் இடிக்கும்போது, "ஏறு, ஏறு" என்று அவர் சொல்வது எங்களுக்குக் கீழே கேட்கும். அந்த வீட்டில் நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருகிற பேச்சு பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கடிகாரம் ஒரு தனிக் கதை. அதற்கு மட்டும் சின்னதாக ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி வாங்கிச் சுவரோரம் வைத்திருந்தார். கடிகாரம் ஓடியது. ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. ரிப்பேர் என்று நினைத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டு, கடிகாரத்தில் கோளாறு இல்லை என்றார். அங்கே கரண்ட் துடிக்கிற வேகம் வேறு, இங்கே வேறு. அந்தத் துடிப்பை வைத்துத்தான் அது நேரம் கணக்குப் போடுகிறது. வோல்ட்டைக் குறைக்கலாம், துடிப்பை டிரான்ஸ்பார்மரால் மாற்ற முடியாது என்று விளக்கினார்.

"அப்ப அது அங்க போனா சரியாயிடுமா தம்பி?"

"பிளக்கைச் சொருகின நிமிஷமே சரியாயிடும்க்கா."

அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. அதைக் கழற்றவே இல்லை. தினமும் காலையில் போனைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைப்பார். சாயங்காலத்துக்குள் அது மறுபடி பின்னால் போய்விடும். எனக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கடிகாரத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

அந்த வீட்டில் எந்த ஊர்க் கரண்டையும் தகராறில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே சாமான் அவருடைய போன். அதன் சார்ஜருக்கு நூற்றுப்பத்தும் ஒன்றுதான், இருநூற்று முப்பதும் ஒன்றுதான். அதில்தான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் மகள் கூப்பிடுவாள். நன்றாகப் பேசுகிற பெண்தான். அம்மா சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று எல்லாம் கேட்பாள். வீடு பார்த்தாயா என்று அக்கா கேட்கமாட்டார். அவள் சொல்லவும்மாட்டாள். நான் துணி காயப்போட மாடிக்குப் போகும்போது காதில் விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் அந்த ஒரு பேச்சைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். பேசி முடித்ததும் அக்கா என்னைப் பார்த்து, "வேலை கெடைச்சிருச்சாம். இனிமே பாத்துருவா" என்பார். அல்லது, "அங்க இப்ப வாடகையெல்லாம் ஏறிக் கெடக்குதாம். கொஞ்சம் எறங்கட்டும்" என்பார். காரணத்தை மகள் சொல்வாளோ இவரே கண்டுபிடித்துக்கொள்வாரோ, எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு விபத்து நடந்தது. சர்ச்சிலிருந்து நான்கைந்து பெண்கள் கேக் செய்ய மாடிக்கு வந்திருந்தார்கள். அக்கா கையால் செய்கிற கேக் அவர்கள் சபையில் பேர்போனது. டிரான்ஸ்பார்மரில் ரைஸ் குக்கர் ஓடிக்கொண்டிருந்ததால் மாவு அடிக்கிற மெஷின் காத்திருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி சுறுசுறுப்பு. "இதுக்கா காத்துக்கினு இருக்கீங்க?" என்று தன் பையிலிருந்து எல்லா மாதிரிப் பிளக்கும் நுழைகிற ஒரு அடாப்டரை எடுத்தாள். அந்தத் தட்டைப் பிளக் எங்கள் சுவரில் நுழையாமல் இருந்ததுதான் அத்தனை நாளும் அந்தச் சாமான்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை. அவள் அடாப்டரில் சொருகிச் சுவிட்சைப் போட்டாள். மெஷின் ஒரு அலறு அலறியது. வெண்ணெயும் சர்க்கரையும் சுவர் வரைக்கும் தெறித்தன. பிறகு புகை, நாற்றம், அமைதி.

அந்தப் பெண் அழுதே விட்டாள். அக்காதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். "அழுவாத. கையி இருக்குதில்ல, அடிச்சுக்கலாம். கைக்கு எந்த ஊரு கரண்ட்டும் வேணாம்" என்று மரக்கரண்டியை எடுத்துத் தானே வெண்ணெயை அடிக்க உட்கார்ந்துவிட்டார். கேக் நன்றாகத்தான் வந்தது.

மறுநாள் போனபோது அந்தச் செத்த மெஷினைத் துடைத்து, அதன் தெர்மகோலில் பொருத்தி, அதே அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். தூக்கிப் போட வேண்டியதுதானே என்றேன்.

"அங்க போயி ரிப்பேர் பண்ணிக்கலாம். நம்ம வீட்டாண்ட ஒரு கெழவன் இருந்தான், எல்லாத்தையும் பண்ணுவான்."

"எந்த வீட்டாண்டக்கா? அந்த வீட்டைத்தான் வித்துட்டீங்களே."

வாய் நீளம் எனக்கு. அக்கா டேப்பின் முனையை நகத்தால் தேடிக்கொண்டே இருந்தார். "கெழவன் இருப்பானில்ல" என்றார்.

அட்டைப்பெட்டி ஒன்றையும் அவர் எறியவில்லை. இரண்டாவது அறை முழுக்கக் காலிப் பெட்டிகள்தான். வெளியே எடுத்து உபயோகிக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் உள்ளே ஒரு பெட்டி திறந்த வாயோடு காத்துக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் விளையாட வேண்டிய அறை என்று என் வீட்டுக்காரர் கீழே வந்து சொன்னார். அன்றைக்கு மட்டும் அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

மாதத்துக்கு ஒரு நாள் எங்கள் பகுதியில் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். தெருவே கரண்ட் ஆபீஸைத் திட்டும். அக்காவுக்கு மட்டும் அது திருநாள். அன்றைக்குக் காபி மெஷினும் இல்லை, கரண்ட் சட்டியும் இல்லை. சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு இறங்கி வருவார். எங்கள் கேஸ் அடுப்பில் ஏதாவது செய்வார். ராகிக் களி கிண்டுவார். அது மட்டும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா வந்தால் அரைகுறைத் தெலுங்கில் அரட்டை அடிப்பார். மத்தியானம் எங்கள் கூடத்தில் பாயைப் போட்டுத் தூங்குவார். சாயங்காலம் விளக்கு எரிந்ததும் நாங்கள் எல்லோரும் ‘அப்பாடா’ என்போம். அவர் மெதுவாக எழுந்து பாயைச் சுருட்டுவார். படியேறும்போது ஒருமுறை கேட்டார்: "அடுத்த மாசம் எப்ப கரண்ட் போவும், செல்வி?"

கரண்ட் போகாத நாளிலும் வாருங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். வரமாட்டார். சும்மா வந்து உட்கார்வது அவருக்குக் கூச்சம். ஒரு காரணம் வேண்டும்.

நானும் ஒருமுறை அவர் கரண்டின் சுகத்தை அனுபவித்தேன். மார்கழிக் குளிரில் எனக்குச் சளிக் காய்ச்சல். வேலைக்கு லீவு போட்டுப் படுத்திருந்தேன். வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போய்விட்டார். அக்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனார். தன் கட்டிலில் படுக்க வைத்து, அந்தக் கரண்ட் போர்வையைப் போர்த்தி, டிரான்ஸ்பார்மரை உருட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கால் நுனி வரைக்கும் இதமான சூடு. அந்த முனகல், பக்கத்தில் இருந்து கேட்கும்போது எரிச்சலாகவே இல்லை. பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவது போல இருந்தது.

அக்கா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அங்க பனி கொட்டறப்ப ஜன்னல் எல்லாம் வெள்ளையா மூடிக்கும். ஒரு சத்தம் கேக்காது. இவரு நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள நான் போர்வையைப் போட்டு வெச்சிருப்பேன். வந்து படுத்தா, ‘யாரு இங்க அடுப்பை வெச்சது’ம்பாரு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "இங்க குளுரு அவ்வளவு இல்ல. ஆனா போட்டாத்தான் தூக்கம் வருது." நான் ஏதோ பதில் சொல்ல நினைத்தேன். அதற்குள் தூங்கிப்போனேன். விழித்தபோதும் அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். தன் வீட்டில் இன்னொருவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வருடம் மகள் வருவதாகப் போனில் சொன்னாள். பத்து நாள் லீவு போட்டிருக்கிறாள். நேரில் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது என்றாளாம்.

அக்கா படியில் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அது ஒன்றுதான். "கூட்டிக்கினு போவத்தான் வர்றா செல்வி! வேற என்னா பேச இருக்குது?"

அந்த வாரம் முழுக்க மாடியில் டேப் கிழிக்கிற சத்தம்தான். காலிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. தையல் மெஷின் உள்ளே போயிற்று. அயர்ன் பாக்ஸ் போயிற்று. கடிகாரம் சுவரிலிருந்து இறங்கியது. சர்ச்சில் விடை சொல்லிவிட்டு வந்தார். பாகலூரில் இருந்த ஒரே ஒரு ஒன்றுவிட்ட தங்கையைப் போய்ப் பார்த்துப் புடவை கொடுத்துவிட்டு வந்தார். என் வீட்டுக்காரரிடம், "தம்பி, அந்த டிரான்ஸ்பார்மரை நீங்க வெச்சுக்கங்க. அங்க எனக்கு அது வேணாம்" என்றார். காபி மெஷினும் ரைஸ் குக்கரும் கரண்ட் சட்டியும் மட்டும் மகள் சாப்பாட்டுக்காக வெளியே இருந்தன.

மகள் வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, அம்மாவைப் போலவே ஒல்லி. கூடத்தில் கூரைவரைக்கும் அடுக்கி, டேப் ஒட்டி, பெயர் எழுதி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தாள். பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் அவசரப்படவில்லை. "களைப்பா வந்திருக்கா. ரெண்டு நாள் போவட்டும். அவளே சொல்லுவா" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் மகள் தனியாக ஆட்டோ பிடித்துப் போனாள். மத்தியானம் ஒரு கடை வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. இரண்டு ஆட்கள் புத்தம் புதுப் பெட்டிகளை இறக்கினார்கள். மிக்ஸி, ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ், ஒரு குட்டி கிரைண்டர். எல்லாம் இங்கத்துச் சாமான். மூன்று உருண்டைக் குச்சி வைத்த பிளக்.

"சர்ப்ரைஸ்மா!" என்றாள் மகள். "இனிமே அந்த டிரான்ஸ்பார்மரை இழுத்துக்கிட்டுத் திரிய வேண்டாம். நேரா சொருகிக்கலாம். உனக்கு வசதியா இருக்கணும்ல?"

தெருப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று ஒருத்தி. "நூத்திப்பத்து அம்மாவுக்கு இன்னையோட கஷ்டம் விட்டுது" என்று இன்னொருத்தி. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எதுக்கும்மா இவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு மகள் பார்க்கவே மிக்ஸியைப் பிரித்து, ஜாரைக் கழுவி, தேங்காய்ச் சட்னி அரைத்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக எங்கள் சுவர் கரண்ட் எந்தத் தடுப்பும் இல்லாமல் அக்கா வீட்டுச் சாமானுக்குள் போயிற்று. "நல்லா வேகமா அரைக்குது" என்றார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

மகள்மேல் எனக்குப் பயங்கரக் கோபம். அன்று சாயங்காலம் மோட்டார் சுவிட்ச் போட வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் அவள் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்தாள். "அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"ஒரு ஃப்ரெண்டு வீட்டுல ஒரு ரூம்லதான் இருக்கேன். பெரிய வீடெல்லாம் எனக்கு இனிமே நடக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பெட்டியெல்லாம் பாத்ததும் வாயே வரல." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மீதி நாளிலும் அவள் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் புது மிக்ஸியில் அரைத்து, புது குக்கரில் வடித்து, விதவிதமாகச் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு டாக்சி வந்தது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. டாக்சி திருப்பத்தில் மறையும்வரை அக்கா கை ஆட்டினார்.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் அவர் எங்கள் மாடியில்தான் இருந்தார். போன மழைக்காலத்தில் இறந்தார். மகள் வந்து எல்லாம் முறைப்படி செய்தாள். அதையெல்லாம் விட எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

குழம்பு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வீடு அமைதியாக இருந்தது. அக்கா சமையலறையில் புது மிக்ஸியின் ஜாரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அழுத அடையாளம் எதுவும் இல்லை.

"என் மக கெட்டிக்காரி செல்வி" என்றார். "எங்கிட்ட நேருல சொல்ல அவளுக்கு மனசு வரல. கடைக்குப் போயிச் சொல்லிட்டு வந்துட்டா."

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா. இப்போதைக்கு வசதிக்குன்னு வாங்கியிருப்பா."

"கூட்டிக்கினு போறவங்க மிக்ஸி வாங்கிக் குடுப்பாங்களா?"

வாய் நீளம் என்று பெயரெடுத்த நான் குழம்புக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா ஜாரைக் கவிழ்த்து வைத்தார். மேடையைத் துடைத்தார். துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரேஷன் கார்டுக்கு இங்க எங்க போயி எழுதிக் குடுக்கணும்?"

"தாலுகா ஆபீஸ்லக்கா. நாளைக்கு நானே லீவு போட்டுக் கூட்டிக்கினு போறேன்."

"வீட்டுல எத்தனை பேருன்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்கக்கா."

அவர் கொடியில் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"ஒரே ஒருத்தின்னு சொன்னா குடுப்பாங்களா?"